திருப்பி எடுத்த ஒப்பாரி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை திருச்சிராப்பள்ளியில் லத்தீன் வாத்தியார் என்றார்கள். என் அப்பாவுக்கு நிலக்கடலை தெரியும், சோளம் தெரியும், சேந்தமங்கலத்து ஆபீசில் யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்பதும் தெரியும். லத்தீன் என்பது சர்க்காரில் ஏதோ ஒரு டிபார்ட்மெண்ட், கடைசியில் பென்ஷன் வரும் என்று எண்ணிக்கொண்டு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். அது செத்துப்போன ஒரு பாஷை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பிறகு, "பேச ஆளே இல்லாத பாஷையைப் படிச்சு யாருகிட்டப் பேசறதுங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"செத்தவங்ககிட்டத்தானுங்க மாமா," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அதை நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவரும் எங்கள் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைதான். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டுப் படிக்க வைத்தார்கள், அங்கே ஒட்டிக்கொண்டது இந்தப் பைத்தியம். லத்தீனோடு நிற்கவில்லை, கிரேக்கமும் சேர்ந்துகொண்டது. கொல்லிமலையைப் பாடாத பழம்புலவன் தமிழில் இல்லை என்பார்கள். அந்த மலை அடிவாரத்தில் பிறந்த மனுஷன், கண்ணால் பார்க்காத இத்தாலி மலையைக் கட்டிக்கொண்டு அழுதார். 'தமிழைப் படித்திருக்கலாமே' என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவருக்கு அது எருமை மேல் பெய்த மழை.

அவர் வேலை என்னவென்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால் முதலில் முழித்தேன், பிறகு சொல்லக் கற்றுக்கொண்டேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்கக் கவிகள் சிலர் மாடு மேய்ப்பவர்களைப் போலப் பாடினார்கள். மேய்ப்பவன் ஒருவன் செத்துப்போனால் கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்து, மலையே அழு, மரமே அழு, ஓடையே நில் என்று பாடுவதாக ஒரு பாட்டு முறை. அதைக் கேட்டு லத்தீன்காரர்கள் பாடினார்கள். அதைப் படித்து இத்தாலிக்காரன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று வரிசையாகப் பாடினார்கள். அரண்மனையிலும் காலேஜிலும் உட்கார்ந்திருந்தவர்கள் சிநேகிதன் செத்ததும் தங்களை ஆட்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு மலையை அழச் சொன்னார்கள். அதில் பாதிப் பேர் ஆட்டைக் குழம்பில்தான் பார்த்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் இந்த அழுகைகளைச் சேர்த்துவைத்து, எவன் எவனைப் படித்தான், எந்த வரி எந்த வரியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அதைப் புத்தகமாக்க வேண்டும்.

அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சுத்தப் பிரதி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. லத்தீன் எழுத்தைக் கோலம் பார்த்துப் போடுவது போலப் பார்த்துப் போட்டேன். பொருள் தெரியாமல் எழுதினால் தப்பு வரும் என்று, ஒவ்வொரு பாட்டையும் அவர் தமிழில் சொல்லுவார். நான் காய் நறுக்கும்போது சொல்லுவார், துணி துவைக்கும்போது கல்லுக்குப் பக்கத்தில் நின்று சொல்லுவார். அந்த நாட்டு மரத்துக்குத் தமிழில் பெயர் கிடையாதாம். "பலான்னே வச்சுக்க புள்ள. உனக்குக் கண்ணுல தெரியற மரமா இருக்கட்டும்," என்பார். அப்படி ஐரோப்பாவிலே எத்தனையோ பலா மரங்கள் எத்தனையோ பேருக்காக அழுதன. புருஷன் வீட்டில் மற்றப் பெண்கள் நகையும் புடவையும் சேர்த்தார்கள். நான் ஊர் பேர் தெரியாதவர்களின் எழவுகளைச் சேர்த்தேன்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. அதில் மட்டும் அவர் கறார். ஒரு கவி முந்தைய கவியைப் படித்தவன் என்று தெரிந்துவிட்டால், அவன் அழுகை சாட்சி ஆகாது. அவன் சொந்தமாக அழுதானா, படித்ததை அழுதானா என்று யார் சொல்வது? "கேட்டவன் சாட்சி செல்லாது," என்று சொல்லிக்கொண்டே சிவப்பு மையால் அடிப்பார். நல்ல நல்ல பாட்டெல்லாம் அப்படி அடிபட்டுப் போகும். எனக்கு மனசு கேட்காமல், "பாவமுங்க, பெத்த மகன் செத்துட்டான்னு அழுதிருக்கான், அவனையாவது விடுங்களேன்," என்பேன். விடமாட்டார்.

இந்தச் சட்டமே அவரைக் கடைசியில் மடக்கியது. அவர் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்தார். கெட்டவர் இல்லை, என் கணவருக்குப் புத்தகமெல்லாம் கொடுத்தவர். பணி முடிந்து கப்பல் ஏறுவதற்கு முன் எழுதின வரைக்கும் வாங்கிப் படித்துவிட்டு, எல்லாம் சரி, அஸ்திவாரம் இல்லையே என்றாராம். எல்லோரும் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதினார்கள் என்று காட்டிவிட்டீர். முதலில் பாடினவன் எதைக் கேட்டுப் பாடினான்? மலையில் நிஜமாகவே யாரும் இப்படி அழுதிருக்க மாட்டார்கள். பறிகொடுத்தவள் மலையோடு பேசமாட்டாள். இது முழுக்க மையில் பிறந்து மையிலேயே வளர்ந்த அழுகை. இப்படிச் சொல்லிவிட்டுக் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "அந்தாளு சொன்னது நெசம்னா, இவனுங்க யாருமே அழுவல புள்ள. ரெண்டாயிரம் வருசமா நடிச்சிருக்கானுங்க. நான் இத்தனை வருசம் நடிப்பைப் படிச்சுட்டு இருந்திருக்கேன்," என்றார். நிஜமான மலையில், நிஜமான மேய்ப்பவர்கள், ஒரு எழுத்தும் படிக்காதவர்கள், பிணத்துக்குப் பக்கத்தில் மலையை அழச் சொல்லிக் கூப்பிடுவதை ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும். கேட்டால் புத்தகம் நிற்கும். கேட்காவிட்டால் அவர் வாழ்க்கை வீண். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

யுத்தம் வந்தது. லத்தீன் எடுக்கப் பிள்ளைகள் வரவில்லை. கல்லூரியில் அந்த வகுப்பையே மூடிவிட்டார்கள். வேறு வேலை தருகிறோம் என்றார்கள், இவருக்கு ரோஷம். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு சேந்தமங்கலத்தில் என் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டு மாப்பிள்ளையாக வந்து விழுந்த மனுஷனுக்கு வெட்கமாவது இருக்க வேண்டுமே. காலையில் வாசலில் நின்று கொல்லிமலையைப் பார்த்தார். பல்குச்சி வாயில் இருந்தது.

"மலையை வச்சுக்கிட்டு இத்தாலியில தேடியிருக்கேன் பாரு," என்றார்.

அப்பா கும்பிடாத குறை. "வேண்டாமுங்க மாப்பிள்ளை. அது மலைக்காய்ச்சல் புடிச்ச எடமுங்க. அவங்களுக்குப் பழக்கம், தாங்குவாங்க. நம்ம ஆளுங்க ஒரு ராத்திரி தங்குனாப் போதும். வெள்ளைக்காரனே பங்களா கட்டலாம்னு வந்துட்டுப் பயந்து ஓடிட்டானுங்க." ஊரில் எல்லோரும் இதையே சொன்னார்கள். இவர் படித்த பாட்டிலெல்லாம் மலை என்றால் நல்ல காற்று, ஊற்றுத் தண்ணீர், மரநிழலில் உட்கார்ந்து குழல் ஊதுகிறவன். காய்ச்சல் பிடித்த மலையைப் பற்றி ஒரு கவியும் அவருக்குச் சொல்லவில்லை. அது தெரிந்த கவிகள் மலைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மலையடியில் இருக்கிற காரவள்ளியிலிருந்து மேலே அப்போது ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதை. சாமான்களைத் தலைச்சுமையாக ஏற்றினோம். அரிசி, விளக்கெண்ணெய், பாத்திரம், அவருடைய கிரேக்கர்களும் லத்தீன்காரர்களும். சுமை தூக்கினவன் பாதி வழியில் புத்தகப் பெட்டியை இறக்கிவைத்து, "இதுக்குள்ள என்ன சாமி, அம்மிக்கல்லா?" என்றான். நான் ஆமாம் என்றேன்.

மேலே சோளக்காடு என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் சாமை வைக்கிற கொட்டாயை ஒழித்து எங்களுக்குக் கொடுத்தது. வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். அவளும் புருஷனும் சாமையும் கேழ்வரகும் போட்டிருந்தார்கள், மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார்கள். கொட்டாய்க்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடைக்கு மேலே பெரிய பலா மரம். இவர் அந்த மரத்தைப் பார்த்து ஏதோ தெரிந்தவரைப் பார்த்தது போலத் தலையசைத்தார்.

வந்த வேகத்திலேயே தொடங்கிவிட்டார். வீட்டுக்காரி ஓடையிலிருந்து குடம் தூக்கி வந்துகொண்டிருந்தாள். "ஏனம்மிணி, உங்க சனத்துல யாராச்சும் செத்துப்போனா என்ன சொல்லி அழுவீங்க? கொஞ்சம் பாடிக் காட்டேன்," என்றார், கடையில் துணி எடுத்துக் காட்டச் சொல்வது போல.

அவள் குடத்தை இறக்கிவைத்தாள். கோபப்படவில்லை. "அழுவறதுக்கு ஆளு வேணுமில்லீங்க," என்றாள். "ஆளில்லாம ஒப்பாரி வெச்சா, அது ஆளைத் தேடிட்டு வரும்." பிறகு அந்தக் குடத்துத் தண்ணீரை வாசலிலேயே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுக்கத் திரும்பிப் போனாள். மலையில் அப்படி ஒரு வழக்கம். வாயில் வந்த வார்த்தை சும்மா போகாது. சாபமானாலும் ஒப்பாரியானாலும், சொன்னவர்தான் திரும்ப வந்து எடுக்க வேண்டும், அதுவும் சொன்ன இடத்திலேயே, சொன்னபடியே. இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்து ராசியானால், திட்டினவள் திட்டின இடத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பி எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். எடுக்கிறவளுக்கும் சிரிப்பு வரும், நிற்கிறவளுக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒன்றைக்கூட விட மாட்டார்கள்.

எழவுக்காகக் காத்திருப்பது என்ன பிழைப்பு? அவர் காத்திருந்தார். சாமைக் கதிர் அறுக்கிற சமயத்தில் வந்தது. பக்கத்து ஊரில் ஒருவன் பலா மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். வீட்டுக்காரி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். இவர் ஆண்களோடு நிற்காமல், மரியாதை கெட்டுப்போய்ப் பெண்கள் உட்கார்ந்த பக்கமாக வேலியோரம் ஒதுங்கி நின்றார். நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

செத்தவன் பொஞ்சாதி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கம்பளி கிழிஞ்சிருக்குன்னு சொன்னயே, நான் தெக்கலியே என்றாள். எருதுக்கு லாடம் கட்டோணும்னயே என்றாள். கூரை ஒழுகுதே, யாரு மேல ஏறுவா என்றாள். அவள் தம்பியை ஒருநாள் செத்தவன் மரியாதை இல்லாமல் பேசினதைக்கூட விடவில்லை, அதையும் சொல்லி அழுதாள். சுற்றிலும் மலை நின்றது. பின்னால் அந்த மரமே நின்றது, அவனைத் தள்ளின மரம். அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் அழுதாள். கம்பளி வந்தது, எருது வந்தது, மறுபடியும் கம்பளி வந்தது. மலை வரவே இல்லை.

திரும்பும்போது அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கொட்டாய்க்கு வந்து, கடைசி அத்தியாயத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். கொல்லிமலையில் தான் கேட்ட ஒப்பாரியில் மலை இல்லை என்று இங்கிலீஷில் ஒரே வரி. யுத்தத்தில் தாள் கிடைக்காத காலம், மீதித் தாள் வெறுமனே கிடந்தது. பொய்யாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த மலையேறி வந்து யார் சரிபார்க்கப்போகிறார்கள்? எனக்கே சொல்ல வேண்டும் போல நாக்கு துடித்தது. அவரிடம் அதைச் சொன்னால் என்னை வீட்டைவிட்டு அனுப்பியிருப்பார்.

"வெள்ளைக்காரன் சொன்னதுதான் சரி," என்றார். "கம்பளிதான் நெசம். மத்ததெல்லாம் மசி."

அதற்குப் பிறகு அந்த மனுஷனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் எழுந்து ஓடைக் கல்லில் உட்கார்ந்தால் மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிட்டால்தான் வருவார். புத்தகப் பெட்டியைத் திறக்கவில்லை, அதில் கரையான் ஏறியது. கீழே போகலாமுங்க என்றேன், எங்கே போனால் என்ன என்றார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் திடீரென்று என்னைப் பார்த்து, "அடிவாரத்துல நம்ம பொம்பளைங்க எப்படி அழுவாங்க? நீ பாடு. ஒருதரம், எனக்காக," என்றார். அவர் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு ஆசை தெரிந்தது. அதற்காகவே பாடியிருக்கலாம்.

"என் வாயால பாட மாட்டனுங்க," என்றேன். "தாலி கட்டின ஆளு எதுத்தாப்புல உக்காந்திருக்கறப்போ ஒப்பாரி வெக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு எதாச்சும் இருக்குதா?"

"நான் செத்தா என்ன சொல்லுவ? அதையாச்சும் சொல்லு."

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். விட்டுது சனின்னு இருப்பேன்."

சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்தது அதுதான் கடைசி. நான் பாடவில்லை. பாடாமல் விட்டதால் வருகிற எழவு நிற்கவும் இல்லை. மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது.

முதலில் விட்டுவிட்டு வந்தது. நடுக்கம் வந்தால் கட்டில் ஆடும், நான் மேலே விழுந்து பிடித்துக்கொள்வேன். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து வேண்டும். ஜாவா தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கொய்னா பட்டாளத்துக்கே பற்றவில்லை. தபாலாபீசில் முன்பு பொட்டலமாகக் கிடைத்ததுதான், இப்போது இல்லை என்றார்கள். அப்பா நாமக்கல் வரைக்கும் அலைந்து கொஞ்சம் வாங்கி அனுப்பினார். அது பாதி மாவு. வீட்டுக்காரி ஏதேதோ பட்டையை இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சலில் அவர் லத்தீனில் பேசினார். எனக்குத் தெரிந்த வரிகள்தான், எல்லாம் நான் சுத்தப் பிரதி எடுத்தவை. சிவப்பு மையால் அடித்த வரிகளையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

கீழே இறக்கிவிடலாம் என்று அப்பா காரவள்ளியிலிருந்து டோலி அனுப்பியிருந்தார். டோலி வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். அவர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. உயிரோடு இறக்க வந்தவர்கள் பிணமாக இறக்கினார்கள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன், என்ன சொன்னேன், எனக்குத் தெரியாது. ஓடை வரைக்கும் ஓடினேன் என்பது நினைவிருக்கிறது, பாதத்தில் முள் ஏறியிருந்தது. தொண்டை கட்டிப்போய் அப்புறம் பல நாள் பேச்சு வரவில்லை, அதனால் அழுதிருக்க வேண்டும். மற்றதெல்லாம் யாரோ துடைத்துவிட்ட பலகை.

சேந்தமங்கலத்தில் அப்பா வீட்டில் ஒரு மூலையில் கிடந்தேன். பெட்டி வந்து சேர்ந்திருந்தது, நான் திறக்கவில்லை. சித்திரை வந்து, அக்கினி நட்சத்திரமும் வந்து வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சந்தை நாளில் மலை வீட்டுக்காரி வாழைத்தார் விற்க வந்தவள், எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, ஓடை வத்திப்போச்சு," என்றாள். "எங்க மாமியாளு காலத்துலகூட வத்துனதில்ல. நீ நில்லுன்னு சொன்னே, அது நின்னுபோச்சு. ஊருல ஆளாளுக்குப் பேசறாங்க. ஒருதரம் வந்து எடுத்துட்டுப் போயிரு சாமி."

எனக்கு முதலில் புரியவில்லை. "நான் ஓடையை நில்லுன்னு சொன்னனா?"

"ஆமாங்கறேன். மலையை அழுவச் சொன்னே. எல்லாஞ் சொன்னே."

அவள் அப்படிச் சொன்னதும் என் நெஞ்சில் ஒன்று எழும்பியது. அது சந்தோஷம்தான். புருஷனைப் பறிகொடுத்து வருஷம் திரும்பவில்லை, எனக்குச் சந்தோஷம் வந்தது. பறிகொடுத்தவள் மலையோடு பேசமாட்டாள் என்று வெள்ளைக்காரர் சொன்னாரே. பேசியிருக்கிறேன். கேட்டவளும் ஒருத்தி இருக்கிறாள், ஒரு எழுத்தும் படிக்காதவள். அந்தக் கடைசித் தாளில் இடம் இருக்கிறது. என் கையாலேயே எழுதிவிடலாம். அவர் வாழ்க்கை வீண் இல்லை. அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதைக் கேட்காமல் மறுநாள் விடிந்ததும் அவளோடு காரவள்ளிப் பாதையில் ஏறினேன். ஏறும்போது கால் வலிக்கவே இல்லை.

ஓடையில் கல்தான் கிடந்தது. கல்லுக்கு அடியில் ஈரம்கூட இல்லை. வீட்டுக்காரியின் புருஷனும் நாலைந்து பெண்களும் பலா மரத்தடியில் நின்றார்கள். நான் நின்று அழுத இடத்தை அவள் காட்டினாள். "சொன்னபடியே எடுக்கோணும்," என்றாள்.

"என்ன சொன்னேன்னு எனக்கு நெனப்பில்ல."

"எனக்கு இருக்குது. உங்க ஊட்டுக்காரரு காய்ச்சல்ல கெடக்கறப்போ என்னைக் கூப்புட்டுச் சொன்னாருங்க. அவ என்ன சொல்லி அழுவறாளோ ஒண்ணுவிடாமக் கேட்டு வெச்சுக்கன்னாரு. சாவற ஆளு சொன்ன சொல்லு, மறக்கலாமா?"

சாகிற நேரத்திலும் சாட்சி தேடியிருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. சொல்லு என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஓடையே, நீ நில்லு, அவரு போனதுக்கப்பறம் உனக்கென்ன ஓட்டம்னே." நான் அதைத் திருப்பி எடுத்தேன். ஓடையே, நீ ஓடு என்றேன். அடுத்தது சொன்னாள். "பூவே, கறுத்துப் போன்னே." பூவே, நீ பூத்துக்கொள் என்றேன். "மாடே, புல்லைத் தொடாதேன்னே."

மாடு. எங்களிடம் மாடு கிடையாது. அந்த மேட்டில் நான் மாட்டையே பார்த்ததில்லை. எந்த மாட்டைச் சொன்னேன்?

அப்போதுதான் கேட்டேன், வீட்டுக்காரியின் குரலை அல்ல, அதற்குள் இருந்த குரலை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்ன குரல். ஓடை நின்றது கிரேக்கத் தீவிலிருந்து வந்தது, பழையது. பூ கறுத்தது அதற்கப்புறம் வந்தவனுடையது. மாடு லத்தீன்காரனுடையது. வரிசைகூட மாறவில்லை, அத்தியாய வரிசைப்படியே அழுதிருக்கிறேன். அவள் மேலே மேலே சொன்னாள், நான் மேலே மேலே எடுத்தேன். எடுக்க எடுக்க, எது எவனுடையது என்று எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. எவன் எவனைப் படித்தான் என்று பார்ப்பதுதானே எங்கள் வீட்டு வேலை.

"பலா மரமே, தலைமயிரை அவுத்துப்போட்டு அழுன்னே," என்றாள்.

இது என்னுடையது என்று நினைத்தேன். லத்தீனில் ஏது பலா? இந்த ஒன்று போதும். அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். காய்கள் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. பலான்னே வச்சுக்க புள்ள, உனக்குக் கண்ணுல தெரியற மரமா இருக்கட்டும்.

பலாவும் அவர் கொடுத்ததுதான்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போலக் கேட்டது. "அவரு கண்ணாடி ஒடஞ்சு நூலு கட்டியிருந்தாரே, அதைச் சொல்லலியா? கஞ்சி வேணும்னாரு, வெக்கறதுக்குள்ள போயிட்டாரு, அதைச் சொல்லலியா? விட்டுது சனின்னு சொன்னேனே, அதைச் சொல்லி அழுவலியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "இல்லீங்க. மலையைத்தான் கூப்புட்டுட்டே இருந்தே."

கம்பளிக்காரி கொடுத்துவைத்தவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அவள் புருஷனுக்கும் தெரியாது. அவள் தன் புருஷனை அழுதாள். எனக்கு அது கிடைக்கவில்லை. இருபது வருஷம் என் காதில் ஊரார் எழவையெல்லாம் ஊற்றிவிட்டு, எனக்கென்று அழ ஒரு வார்த்தையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கேட்டவன் சாட்சி செல்லாது. அவரே உயிரோடு இருந்து நான் அழுததைக் கேட்டிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார். அந்தத் தாளில் அவர் எழுதின ஒரு வரிக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. இன்று வரைக்கும் எழுதவில்லை.

ஆடியில் மழை பெய்து ஓடை வந்தது என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். நான் எடுத்ததால் வந்தது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த வருஷம் எல்லா ஓடையும்தான் வந்தது. அப்புறம் என் அப்பா போனார், என் தங்கை போனாள். நான் போய் உட்கார்ந்தேன், அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பெயர். வாயைத் திறந்தால் வரப்போகிறது யாருடைய வார்த்தையோ என்று பயம்.

அன்று ஓடைக்கரையில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. வெயில் ஏறிவிட்டது, பெண்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். "மலையை அழுவச் சொன்னயே அம்மிணி, அதையும் எடுத்துரு," என்றாள் வீட்டுக்காரி.

மலையே, நீ அழ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.